இல்லாத நாற்பது பவுன்

தாணு தென்காசியில் முத்துக்குமாரசாமி முதலாளியின் மரக்கடையில் வேலை பார்த்தான். செங்கோட்டைக்கு மேற்கே மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் தேக்கையும் வேங்கையையும் அளந்து, ஒவ்வொரு தடியிலும் தாரால் நம்பர் போடுவது அவன் பொறுப்பு. சம்பளம் எழுபத்தைந்து ரூபாய். அவன் மனைவி பேராச்சி குற்றாலத்தில் முதலாளியின் பங்களாவைப் பார்த்துக்கொண்டாள். சீசன் மூன்று மாதமும் அங்கே வருகிற விருந்தாளிகளுக்குச் சமைப்பாள். மற்ற மாதங்களில் வாரம் இரண்டு தடவை போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவாள். அச்சன்புதூரில் அவர்களுக்கு ஒரு ஓட்டு வீடும் முப்பது சென்ட் வயலும் இருந்தன. பேராச்சியின் அப்பா கொடுத்த பணத்தில் வாங்கியவை. பத்திரம் தாணு பேரில் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள் செண்பகவல்லி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, வயிற்றில் கட்டி வந்து நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. முதலாளிதான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். முன்சீட்டில் அவரே உட்கார்ந்து வந்தார். செலவு நானூறு ரூபாயையும் அவரே கட்டினார். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தாணுவுக்கு அவர்மேல் அத்தனை விசுவாசம் வந்திருக்காதோ என்னவோ.

இரண்டு வருஷம் கழித்து முதலாளி தாணுவைக் கூப்பிட்டு விஷயத்தை மறைக்காமலே சொன்னார். மரக்கடை வருமானம் முழுக்க ஒருத்தன் பேரில் இருந்தால் வருமான வரிக்காரன் முக்கால்வாசியை எடுத்துக்கொள்வான். அதையே ஐந்து பேர் பங்காகக் காட்டினால் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் போகும். முதலாளி, அவர் மனைவி, மைத்துனர், கணக்கப்பிள்ளை சங்கிலிப்பாண்டி, ஐந்தாவது ஆளாகத் தாணு. அவனுடைய கையெழுத்து மட்டும் வேண்டும். தாணு போட்டுக் கொடுத்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்து பேராச்சியிடம், தான் இப்போது மரக்கடையில் பங்காளி என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். பங்கு எவ்வளவு வரும் என்று அவள் கேட்டாள். பேருதான், பணம் இல்லை என்றான்.

ஐந்து வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. வருஷா வருஷம் தாணு பேரில் பதினெட்டாயிரம், இருபதாயிரம் என்று வருமானம் காட்டப்பட்டது. அதற்கான வரியைச் சங்கிலிப்பாண்டி கட்டினார். தாணுவுக்குச் சம்பளம் தொண்ணூறு ஆனது. செண்பகவல்லிக்கு வீரகேரளம்புதூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பவுன் கேட்டார்கள். இரண்டு பவுன்தான் போட முடிந்தது. மீதியை அறுப்பு முடிந்ததும் போடுவதாகப் பேராச்சி சொன்னபோது, சம்பந்தியம்மாள் முப்பிடாதியம்மாள் பந்தலில் நாலு பேர் கேட்கும்படி, இந்தப் பேச்சையெல்லாம் நான் நிறையக் கேட்டிருக்கேன் என்றாள். பேராச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த மூன்று பவுனை அவளால் கடைசிவரை போட முடியவில்லை.

அறுபத்திரண்டில் வரி ஆபீசில் புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் செக்போஸ்டில் லாரிகளைப் பதிவு செய்யும் நோட்டுகளை வரவழைத்துப் பார்த்தார். மரக்கடைக் கணக்கில் நூறு லோடு என்று இருந்த வருஷத்தில் மலையிலிருந்து இருநூற்று முப்பது லோடு இறங்கியிருந்தது. இது தெரிந்ததும் முதலாளி கூட்டுக் கடையை மூடிவிட்டு, அதே இடத்தில் மகன் பேரில் வேறு கடை திறந்தார். பங்காளிகள் ஐந்து பேரையும் விசாரணைக்குத் திருநெல்வேலிக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

தாணுவும் சங்கிலிப்பாண்டியும் ஒரே ரயிலில் போனார்கள். வழியெல்லாம் சங்கிலிப்பாண்டி அவனுக்குப் பாடம் சொன்னார். கடையில் உன் பங்கு முதலாகக் காட்டியிருக்கும் மூவாயிரம் ரூபாய் ஏது என்று கேட்பார்கள். பெண்டாட்டி நகை நாற்பது பவுனை விற்றுப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். யாருக்கு விற்றாய் என்றால், கொல்லத்திலிருந்து வந்த வியாபாரி, பேர் ஞாபகம் இல்லை. தாணு சத்தியம் செய்துவிட்டு அப்படியே சொன்னான். செக்போஸ்ட் நோட்டுகளை வரவழைத்த அந்த ஆபீசர் மைதீன் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்தான். எழுதி வாங்கி, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவன் இதைச் சொன்னபோது பேராச்சி சாளை மீன் அலசிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள்.

"நாப்பது பவுனா? எங் கழுத்துலயா?"

"சும்மா சொன்னதுதான். பேப்பர்ல கெடந்துட்டுப் போகுது."

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் காதில் முலாம் பூசின கம்மலும்தான் இருந்தன. அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. செண்பகவல்லியை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் முதலாளி என்பது அவளுக்கும் மறக்கவில்லை.

ஆறு மாதத்தில் உத்தரவு வந்தது. கணக்கில் காட்டாத வருமானத்தையும் ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொருத்தர் தலையிலும் வரியும் அபராதமும் போட்டிருந்தார்கள். தாணு பங்குக்குப் பதினோராயிரத்து நானூறு ரூபாய். முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் வந்ததை எதிர்த்து மதராசிலிருந்து வக்கீல் வைத்து அப்பீல் போட்டார்கள். தாணுவுக்கு யாரும் போடவில்லை. அவன் கேட்டபோதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. அவர் பேரில் அப்போது சொத்தே கிடையாது. இலஞ்சித் தென்னந்தோப்பு மகள்கள் பேரில் இருந்தது. குற்றாலம் பங்களா மாமியார் பேரில் இருந்தது. கையில் புழங்கிய பணமெல்லாம் தோப்பிலும் வயலிலும் விளைந்த வருமானம் என்று கணக்கு எழுதியிருந்தார். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது.

தாணு பேரில் சொத்து இருந்தது. ஓட்டு வீடும் முப்பது சென்ட் வயலும்.

அறுபத்து நாலு ஆனி மாதம் தாலுகா ஆபீஸ் ஆட்கள் ஜப்தி நோட்டீசை வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். தெருவில் தமுக்கு அடித்து, வரி பாக்கிக்காக இன்னாருடைய வீடும் நிலமும் ஏலத்துக்கு வருகிறது, பாக்கி ரூபாய் இத்தனை என்று அறிவித்தார்கள். வருஷத்துக்கு இருபதாயிரம் சம்பாதித்தவன் பணத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று மேலே எழுதிப் போனதில், நாலாம் நாள் மரக்கடையில் வைத்தே தாணுவைப் பிடித்துக்கொண்டு போய்த் தென்காசி சப் ஜெயிலில் அடைத்தார்கள். அவன் கையில் அப்போது அளவு நாடா இருந்தது. அதைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு அவர்களோடு நடந்து போனான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பேராச்சி அன்றைக்குப் பங்களாவில் இருந்தாள். மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. முதலாளி நாலு விருந்தாளிகளோடு வந்து தங்கியிருந்தார். சேதி வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு நேராக அவரிடம் போனாள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அவர் பின்வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"பணத்தக் கட்டி அவர வெளிய கொண்டுவாங்க, முதலாளி."

முதலாளி கோபப்படவில்லை. அவளுக்குப் புரியும்படி பொறுமையாகவே சொன்னார். பதினோராயிரம் அவருக்குப் பெரிசில்லை, இரண்டு லோடு மரத்தின் காசுதான். ஆனால் தாணுவுக்காக அவர் கட்டினால், தாணு பெயருக்குத்தான் பங்காளி என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்றவர்கள் கணக்கும் அதோடு சேர்ந்து இடியும். விஷயம் ஐந்து லட்சத்தில் போய் நிற்கும்.

"மேல போகப் போக ரூவாய்க்குப் பன்னெண்டணா கேக்கான் சர்க்கார்," என்றார். "காட்டுல ஏலம் எடுக்கதும் நான். வெள்ளத்துல தடி போனா நஷ்டப்படுததும் நான். அறுவது குடும்பத்துக்குச் சோறு போடுததும் நான்தான். கடைசில எனக்கு நாலணா. இது நியாயமாட்டி?"

பன்னிரண்டணா அதிகம்தான் என்று பேராச்சிக்கும் பட்டது. ஆனால் இவர் அந்தப் பன்னிரண்டணாவை ஒருநாளும் கட்டின மாதிரியும் தெரியவில்லையே என்று நினைத்தாள்.

ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம், கையில் ஒன்றும் இல்லாதவன் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள் என்றார் முதலாளி. வீடு போனால் போகட்டும், இலஞ்சியில் தோப்போரமாக ஒரு வீடும் அரை ஏக்கரும் தாணுவுக்குத் தருவதாகச் சொன்னார்.

"எழுதிக் குடுப்பியளா?"

"எழுத்துல நான் எதுவும் தர முடியாது, பேராச்சி. எம் பேச்சுத்தான்."

அவள் திரும்பிச் சமையல்கட்டுக்குப் போய் விருந்தாளிகளுக்கு இலை போட்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தபோது தாணுவும் அதையேதான் சொன்னான். முதலாளி கைவிட மாட்டார், நீ எங்கேயும் போய் எதையும் பேசாதே என்றான். தாடி வளர்ந்திருந்தது. சோறு பரவாயில்லை என்றான். அவள் சரி என்று வந்துவிட்டாள். உண்மையிலேயே பேசாமல் இருக்கத்தான் நினைத்தாள்.

பத்து நாள் கழித்துச் செண்பகவல்லி கைப்பிள்ளையோடு வந்து இறங்கினாள். தமுக்குச் சேதி வீரகேரளம்புதூர் வரைக்கும் போயிருந்தது. கூடவே, நாற்பது பவுனை விற்றுத்தான் தாணு கடையில் பங்கு போட்டான் என்று அவனே சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கும் கதையும் போயிருந்தது. முப்பிடாதியம்மாள் மருமகளைப் பிள்ளையோடு அனுப்பியிருந்தாள். மூன்று பவுனை வாங்கிக்கொண்டு வந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தாள்.

செண்பகவல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"நெசமாவே இருந்துச்சாம்மா?"

பேராச்சியால் தாங்க முடியாமல் போனது இந்தக் கேள்விதான். வீட்டை ஏலம் போடுகிறார்கள் என்றபோதுகூட அவள் இப்படி நொறுங்கிப் போகவில்லை. பெற்ற மகளே, அம்மா நாற்பது பவுனை வைத்துக்கொண்டு தனக்கு இரண்டு பவுனைப் போட்டு அனுப்பியிருப்பாளோ என்று சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிட்டது. இல்லட்டி, இருந்ததே இல்ல என்றாள். மகள் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் நம்பினாளா என்று பேராச்சிக்கு உறுதியாகத் தெரியவில்லை. சர்க்கார் காகிதத்தில் அப்பாவின் கையெழுத்தோடு இருக்கிறதே.

மறுநாள் காலை ரயிலில் பேராச்சி திருநெல்வேலிக்குப் போனாள். வரி ஆபீசைக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. ஆபீசர் மைதீன் மதுரைப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டாள்.

"அய்யா, எனக்கு நக கெடையாது. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. எங்க வீட்டுக்காரரு சொன்னது பொய்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. இது அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, இதை நான் எழுதிட்டா உங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னார்னு ஆகும். அதுக்குத் தனியா கேஸ் போடலாம். அவர் மேல போட்ட உத்தரவுக்கு அப்பீல் நாளும் தாண்டிருச்சு. வீடு திரும்பக் கிடைக்கும்னு நினைச்சு இதைச் சொல்லாதீங்க."

"எங்க வீட்டுக்காரரு மாசம் தொண்ணூறு ரூவா சம்பளக்காரரு. அவரு எதுக்கு அய்யா முதலாளி வரியக் கட்டணும்?"

"கட்ட வேண்டியதில்லை. ஆனா அவரே எழுதிக் குடுத்திருக்கார்."

"அப்போ நெசமா சம்பாதிக்கவங்க வரிய யாருதான் கட்டுதா?"

மைதீன், மாதச் சம்பளக்காரர்கள் எல்லாரும் ஒழுங்காகக் கட்டுகிறோம், எங்களுக்குச் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பிடித்துவிடுவார்கள், ஒளிக்க எங்களுக்கு வழி கிடையாது என்றார். சொல்லிவிட்டு, அதை இவளிடம் சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல ஃபைலைப் புரட்டினார்.

பேராச்சி வெளியே போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். படிக்கட்டில் சிறிது நேரம் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன அந்தக் கார் ஞாபகம் வந்தது. பிறகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளின் முகமும் ஞாபகம் வந்தது. உள்ளே வந்து, எழுதிக்கிடுங்க அய்யா என்றாள். பங்களா, சம்பளம், ரயிலில் சொல்லிக் கொடுத்த பாடம், வராந்தாவில் முதலாளி சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். நாலு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினார்கள். கைநாட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிட்டதால் முப்பத்தோராம் நாள் தாணுவை விட்டார்கள். மைதீன் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். கட்டாயத்தின் பேரில் சொல்லப்பட்ட பொய் என்று எழுதி, தாணுமேல் கேஸ் வராமல் பார்த்துக்கொண்டார். ஆனால் ஏலத்தை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. ஆவணியில் வீடும் வயலும் நாலாயிரத்து இருநூறுக்குப் போயின. எடுத்தவர் சங்கிலிப்பாண்டியின் சம்பந்தி. பணம் யாருடையது என்று அச்சன்புதூரில் எல்லாருக்கும் தெரியும். மீதி வரி தாணு பேரில் வசூலாகாத பாக்கியாக நின்றது.

தாணு வெளியே வந்த அன்றைக்கே பேராச்சி வாக்குமூலம் கொடுத்த விஷயம் மரக்கடைக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குள் விடவில்லை. சங்கிலிப்பாண்டி வாசலிலேயே நிறுத்தி, நிலுவைச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினார். தென்காசியிலும் செங்கோட்டையிலும் வேறு எந்த மரக்கடையும் அவனை எடுக்கவில்லை. வரிக்காரனிடம் பேசின வீடு என்று பேராகிவிட்டது. பங்களா சாவியைப் பேராச்சியிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

தென்காசியில் குலசேகரநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டு ரூபாய் வாடகைக்கு அறை பிடித்தார்கள். தாணு அவளை அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

"எம் மகளுக்கு உசிரு குடுத்தவரக் காட்டிக் குடுத்துட்டியே."

"எம் மக கேட்டாளே, அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவிய?"

செண்பகவல்லியின் புருஷன் அம்பாசமுத்திரம் மில்லில் வேலை கிடைத்துப் போனான். தாயிடம் சொல்லாமல் வந்து பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஒன்று நல்லபடியாக முடிந்தது. முப்பிடாதியம்மாள் மட்டும் சாகிறவரை நாற்பது பவுனை நம்பினாள்.

அறுபத்தைந்தில் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மறைத்த வருமானத்தைத் தானாக முன்வந்து சொல்லிவிட்டு, அதில் நூற்றுக்கு அறுபது கட்டினால் போதும். அபராதம் இல்லை, கேஸ் இல்லை. பேரையும் வெளியே சொல்ல மாட்டார்கள். முத்துக்குமாரசாமி முதலாளி ஏதோ ஒரு தொகையைச் சொல்லிக் கட்டினார் என்று ஊரில் பேச்சு. அவர் மேல் நடந்த விசாரணை அதோடு நின்றது.

பேராச்சி இன்னொரு தடவை திருநெல்வேலிக்குப் போனாள். மைதீனை அதற்குள் கோயம்புத்தூருக்கு மாற்றியிருந்தார்கள். புது ஆபீசர் வயதில் சின்னவர். அவரிடம் அவள் தன் வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. முதலாளி எவ்வளவு கட்டினார் என்று மட்டும் கேட்டாள்.

"அதைச் சொல்லக் கூடாதும்மா. அது ரகசியம். சட்டம் அப்படி."

"எங்க பாக்கிய மட்டும் தெருவுல தமுக்கு அடிச்சுச் சொன்னாங்களே, அய்யா."

அவர் மேஜையைப் பார்த்தார். ஏலம் என்றால் அறிவித்துத்தான் ஆக வேண்டும், அதுவும் சட்டம்தான் என்றார். அவருக்கும் அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேலும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவள் எழுந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் முதலாளிக்கு நல்ல அளவுக்காரன் அமையவில்லை. புது ஆள் இரண்டு லோடைத் தப்பாக அளந்து வியாபாரியிடம் சண்டை வந்தது. சங்கிலிப்பாண்டி சந்துக்குள் வந்து, பழையதையெல்லாம் முதலாளி மனதில் வைத்துக்கொள்ளவில்லை, நூற்றிருபது தருகிறார் என்றார். தாணு அப்போது ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்தெட்டு வயது. முதுகு நிமிராது. பேராச்சியை ஒருதரம் பார்த்தான். அவள் போங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு சங்கிலிப்பாண்டி பின்னால் போனான். மரக்கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

பேராச்சி போகவில்லை. இலஞ்சியில் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் எழுபது பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை கிடைத்து அங்கேயே தங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாணு பஸ்ஸில் வந்து இறங்குவான். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் மிச்சமிருக்கும் சாம்பாரும் சோறும் அவனுக்குப் போடுவாள். அவன் சாப்பிடுவான். மகளிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்பான். வந்திருந்தால் ஹாஸ்டல் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாள். மரக்கடையைப் பற்றி மட்டும் அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை. நாலு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பும்போது, பாத்துப் போங்க என்பாள். அவன் சரி என்பான்.